ஏட்டில் எண்பது, காட்டில் ஐம்பது

2019இல் 72. 2021இல் 76. 2023 வாக்கில் ஏறத்தாழ 80. ஜாவா காண்டாமிருகங்களைப் பற்றி இந்தோனேசிய அரசு வெளியிட்டுவந்த எண்கள் இவை. ஜாவாத் தீவின் உஜுங் குலோனைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத, ஓர் உயிர்க்காட்சிச் சாலையில்கூட இல்லாத இந்த விலங்கு மெல்ல மெல்லப் பெருகிவருகிறது என்ற செய்தி காட்டுயிர்களில் அக்கறை கொண்ட எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. புதிய குட்டி ஒன்று தாயோடு கேமராவில் பதிவாகும்போதெல்லாம் அந்தப் படம் உலக நாளிதழ்களில் வந்தது.

2024ஆம் ஆண்டின் நடுவில், அந்தக் காடு அமைந்திருக்கும் பாந்தென் மாகாணத்தின் காவல்துறை வேறொரு எண்ணை வெளியிட்டது. கள்ளவேட்டைக்காரர்களின் இரண்டு கும்பல்கள் 2019க்கும் 2023க்கும் இடையில் 26 காண்டாமிருகங்களைச் சுட்டுக் கொன்றதாகப் பிடிபட்டவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதாகச் சொல்லப்பட்ட அதே ஆண்டுகளில், ஓர் இனத்தின் மூன்றில் ஒரு பங்கு துப்பாக்கிக்கு இரையாகியிருக்கிறது. இப்போது எஞ்சியிருப்பவை சுமார் 50 என்பதே பன்னாட்டு அமைப்புகள் ஏற்றுக்கொண்டிருக்கும் மதிப்பீடு.

வேட்டை நடந்ததில் வியப்பில்லை. கொம்புக்கு விலை இருக்கும்வரை வேட்டைக்காரர்கள் வருவார்கள். என்னைத் தொந்தரவு செய்வது வேறு கேள்வி. நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள் கண்காணிக்கும் ஒரு காட்டில், ஒவ்வொரு விலங்குக்கும் பெயரும் அடையாள எண்ணும் இருக்கும் ஓர் இனத்தில், 26 சாவுகள் நான்கைந்து ஆண்டுகள் எப்படிக் கணக்கில் ஏறாமல் போயின?

இந்த விலங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசிரங்காவில் நாம் காணும் இந்தியக் காண்டாமிருகத்தின் மிக நெருங்கிய உறவு இது. அதைப் போலவே ஒற்றைக் கொம்பு. உடலைக் கவசம்போலப் போர்த்திய தோல் மடிப்புகள். உருவம் சற்றே சிறியது. ஆணின் கொம்பு ஓர் அடியைக்கூட எட்டாது. பெண்களில் பலவற்றுக்குக் கொம்பே இல்லை, அல்லது மூக்கின்மேல் ஒரு சிறு முண்டு மட்டும். இந்தியக் காண்டாமிருகம் புல்வெளியில் மேய்வது. ஜாவா காண்டாமிருகமோ அடர்காட்டில் தழையும் குருத்தும் தின்பது. கூர்ந்து நீண்ட மேலுதட்டால் கிளையை வளைத்து இழுக்கும். இளமரத்தை உடம்பால் அழுத்திச் சாய்த்து நுனித் தழையைத் தின்னும். தனித்தே திரியும், தாயும் குட்டியும் மட்டுமே நீண்ட காலம் சேர்ந்திருக்கும். பகலின் பெரும்பகுதியைச் சேற்றுக்குழியில் கழிக்கும். உப்புக்காகக் கடற்கரைக்கும் வருவதுண்டு. அங்கே ஆண்டுக்கணக்கில் பணிபுரியும் காவலர்களிலேயே இதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. கடைசியாக மனிதர் வளர்ப்பில் இருந்த ஜாவா காண்டாமிருகம் 1907இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு உயிர்க்காட்சிச் சாலையில் இறந்தது. அதுவரை அதை இந்தியக் காண்டாமிருகம் என்றே மக்களுக்குக் காட்டிவந்தார்கள்.

பெயரில் ஜாவா இருந்தாலும் இது ஜாவாவுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வங்காளம், அசாம் தொடங்கி பர்மா, தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம், மலேயா, சுமத்ரா வரை பரவியிருந்தது. சுந்தரவனத்துச் சதுப்புக் காடுகளில் இருந்தது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அங்கே அற்றுப்போயிற்று. புலியும் முதலையும் எஞ்சிய காட்டில் காண்டாமிருகம் மட்டும் இல்லாமல் போனதை இந்தியாவில் நாம் அதிகம் பேசுவதில்லை. ஜாவாவிலேயே இது ஒருகாலத்தில் தோட்டங்களை அழிக்கும் தொல்லையாகக் கருதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சு நிர்வாகம் காண்டாமிருகத்தைக் கொல்வோருக்குப் பரிசுப்பணம் அறிவித்தது. 1747 முதல் 1749 வரையிலான இரண்டே ஆண்டுகளில் 526 காண்டாமிருகங்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. இன்று உலகில் எஞ்சியிருப்பவற்றைப்போல் பத்து மடங்கு அந்த ஒரு பரிசுத் திட்டத்தில் முடிந்துபோயின. உஜுங் குலோனுக்கு வெளியே ஜாவாவில் இருந்த கடைசிக் காண்டாமிருகம் 1934இல் தாசிக்மலாயா பகுதியில் சுடப்பட்டது. அது இப்போது போகோர் விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உஜுங் குலோன் என்பது ஜாவாத் தீவின் மேற்குக் கோடி. ஒரு குறுகிய நிலத்தொடர்ச்சியால் தீவோடு இணைந்திருக்கும் தீபகற்பம். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த ஆழிப்பேரலை சுந்தா நீரிணையின் இரு கரைகளிலும் 36,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தீபகற்பத்தின் கரையோர ஊர்களும் அழிந்தன; மக்கள் திரும்பிவந்து குடியேறவில்லை. கைவிடப்பட்ட வயல்களிலும் தோட்டங்களிலும் இளங்காடு எழுந்தது. குருத்தும் தழையும் தேடும் விலங்குக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. 1921இல் டச்சு அரசு அதை இயற்கைக் காப்பகமாக்கியது. பிற்காலத்தில் தேசியப் பூங்காவானது. 1991இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. ஆண்டிரீஸ் ஹூகர்வெர்ஃப் என்ற டச்சு இயற்கையியலாளர் அந்தக் காட்டில் பல ஆண்டுகள் உழைத்து, ஜாவா காண்டாமிருகத்தின் கடைசி நிலம் என்ற பொருளில் தலைப்பிட்டு 1970இல் ஒரு பெரும் நூலை வெளியிட்டார். 1967இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஷெங்கல் இணையர் குளம்புத் தடங்களை அளந்து எண்ணியபோது அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 விலங்குகளே. இன்று இருக்கும் அத்தனையும் அந்த 25இன் வழி வந்தவை.

அந்த நிலையிலிருந்து மீண்டதுதான் உண்மையான சாதனை. காவல் வலுப்பட்டது, ரோந்து முறைப்பட்டது, 1980களின் தொடக்கத்தில் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இதைச் செய்தவர்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் காட்டுக்குள் நடந்த எளிய காவலர்கள். பின்னால் நடந்ததைப் பேசும்போது அவர்களுடைய உழைப்பை மறந்துவிடக் கூடாது.

இனி கணக்கு. காண்டாமிருகங்களை எண்ண முதலில் தடங்களையே நம்பினார்கள். ஈர மண்ணில் பதிந்த பாதத்தின் அகலத்தை அளந்து, அளவு வேறுபட்டால் விலங்கும் வேறு என்று கொண்டார்கள். ஒரே விலங்கின் தடம் சேற்றில் ஒருவிதமாகவும் மணலில் ஒருவிதமாகவும் பதியும் என்பதால் அந்த முறையில் பிழைக்கு நிறைய இடம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தானியங்கிக் கேமராக்கள் வந்தன. 2010ஐ ஒட்டி அசையும் படம் எடுக்கும் கேமராக்கள் தீபகற்பம் முழுவதும் வைக்கப்பட்டன. கண்ணைச் சுற்றிய சுருக்கங்கள், கழுத்து மடிப்பின் வடிவம், கொம்பின் அமைப்பு, காதில் இருக்கும் கிழிசல், தோலில் உள்ள தழும்பு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் காண முடிந்தது. ஒரு காண்டாமிருக இனத்துக்கு இவ்வளவு முழுமையான தனிப்பட்ட பதிவேடு இருப்பது அரிது. அந்த நுணுக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் பதிவேட்டில் வரவு எழுதப்படும் விதமும் செலவு எழுதப்படும் விதமும் வேறுவேறாக இருந்தன. ஒரு குட்டி பிறந்ததற்கு ஒரு படம் போதும். தாயின் பின்னால் ஓடும் குட்டி ஒருமுறை பதிவானால் அது கணக்கில் ஏறிவிடும். ஒரு விலங்கு இறந்ததற்கு உடல் வேண்டும், குறைந்தது எலும்பாவது வேண்டும். வெப்பமண்டல மழைக்காட்டில் உடல் சில வாரங்களில் மக்கிப்போகும்; பன்றியும் உடும்பும் புழுவும் அதை முடித்துவிடும். கொன்றவர்களே தடயத்தை மறைத்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே பிறப்பு உடனே எழுதப்பட்டது; இறப்போ தற்செயலாக யாராவது கண்டால்தான் எழுதப்பட்டது. பல மாதங்கள் எந்தக் கேமராவிலும் படாத விலங்கும் உயிரோடிருப்பதாகவே கொள்ளப்பட்டது. இப்படி ஒரு கணக்கு எந்தக் காட்டிலும் ஏறிக்கொண்டுதான் போகும். அறிவியலாளர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். ஒரு விலங்கு எத்தனை மாதம் படாமல் இருந்தால் அது இறந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் புள்ளியியல் முறைகள் பல பத்தாண்டுகளாக உண்டு. உஜுங் குலோன் தரவுகளைக் கொண்டே அப்படி ஆய்வு செய்தவர்களும் உண்டு. 2013இல் அங்கே 62 விலங்குகள் இருந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அரசு அறிக்கைகளில் மட்டும் பிழைவரம்பு இல்லாத ஒற்றை எண்ணே வந்துகொண்டிருந்தது.

2023இல் அவுரிகா நுசாந்தாரா என்ற இந்தோனேசியத் தன்னார்வ அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசு உயிரோடிருப்பதாகச் சொல்லும் காண்டாமிருகங்களில் 15 நெடுநாளாக எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை என்று அது சுட்டிக்காட்டியது. ஆயுதம் தாங்கிய ஆட்கள் பூங்காவுக்குள் நடமாடியதையும் சொன்னது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. கேமராவில் படாத விலங்கு செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது மறுப்பின் சாரம். அந்தக் கூற்று தனியே பார்த்தால் சரிதான். ஆனால் கேமராவில் படாத விலங்கு உயிரோடிருப்பதாகவும் சொல்ல முடியாதே! ஐயத்தின் பலன் முழுவதும் ஒரே பக்கத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு விசாரணையில் வெளிவந்த உண்மை அறிக்கை எழுதியவர்கள் அஞ்சியதைவிடக் கொடியதாக இருந்தது.

பிடிபட்டவர்கள் பூங்காவை ஒட்டிய ஊர்க்காரர்கள். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். கேமராக்கள் எங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். பண்டெக்லாங் நீதிமன்றம் 2024 ஜூனில் முக்கியக் குற்றவாளி ஒருவருக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1990ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு அப்போது உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகள்தாம். துப்பாக்கி வைத்திருந்த குற்றமும் திருட்டும் சேர்ந்ததால்தான் 12 ஆயிற்று. மற்றவர்களுக்கும் 2025இல் ஏறத்தாழ அதே அளவு தண்டனை கிடைத்தது. கொம்பு வாங்கிய தரகர்கள், அவர்களுக்கு மேலே வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ற சங்கிலியில் அடிக்கண்ணிகள்தாம் இதுவரை பெரும்பாலும் அறுந்திருக்கின்றன. கொம்பு என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். அதற்கு மருத்துவ குணம் எதுவும் நிரூபணமாகவில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்க முடியாது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புவரை பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாக ஏடுகள் சொல்லின. அடுத்த ஆண்டு தேடியபோது ஒன்றுகூட இல்லை. அத்தனையும் வேட்டையாடப்பட்டிருந்தன. அங்கேயும் கால்தடத்தை வைத்து எண்ணினார்கள். அங்கேயும் மேலதிகாரிக்குக் குறைந்த எண்ணை அனுப்ப யாரும் விரும்பவில்லை. அந்த அதிர்ச்சிதான் சுனிதா நாராயண் தலைமையில் புலிகள் பணிக்குழு அமையவும், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவாகவும், கால்தட முறை கைவிடப்பட்டுக் கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த முறை வரவும் காரணமாயிற்று. சரிஸ்காவில் தோற்றபோது இந்தியாவில் வேறு காடுகளில் புலிகள் இருந்தன. 2008இல் ரண்தம்போரிலிருந்து கொண்டுவந்து விட முடிந்தது. உஜுங் குலோனுக்கு ரண்தம்போர் இல்லை.

இன்னும் நெருக்கமான எச்சரிக்கை வியட்நாமிலிருந்து வந்தது. போர்க்காலத்துக்குப் பிறகு ஆசியப் பெருநிலத்தில் ஜாவா காண்டாமிருகம் அடியோடு அழிந்ததாகவே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1988இல் டோங் நாய் ஆற்றங்கரைக் காட்டில் ஒரு வேட்டைக்காரர் ஒன்றைச் சுட்டார். அதன் மூலம்தான் அங்கே ஒரு சிறு கூட்டம் தப்பியிருப்பது உலகுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு நடந்த ஆய்வு 10 முதல் 15 வரை இருக்கலாம் என்றது. அந்தக் காடு காட் டியென் தேசியப் பூங்காவின் பகுதியாயிற்று. 1999இல் கேமராவில் படமும் கிடைத்தது. பன்னாட்டு நிதி வந்தது. திட்டங்கள் எழுதப்பட்டன. 2009, 2010 ஆண்டுகளில் மோப்ப நாய்களின் உதவியோடு காடு முழுவதும் சாணம் சேகரித்து மரபணுவைச் சோதித்தார்கள். கிடைத்த 22 மாதிரிகளும் ஒரே விலங்கினுடையவை. 2010 ஏப்ரலில் அந்த ஒன்றும் காலில் குண்டோடு, கொம்பு அறுக்கப்பட்டு, எலும்புக்கூடாகக் கிடந்தது. மற்றவை எப்போது, எப்படிப் போயின என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பாதுகாத்துக்கொண்டிருந்தது ஒற்றை விலங்கைத்தான். ஜாவா காண்டாமிருகத்தின் பெருநிலக் கிளை அதோடு முடிந்தது.

இந்த முன்னுதாரணம் கையில் இருந்தும் உஜுங் குலோனின் எண்ணிக்கை ஏன் கேள்வி கேட்கப்படவில்லை? நல்ல செய்திக்கு எல்லோரும் ஏங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாட்டுக்குப் பெருமை, நிதி கொடுக்கும் அமைப்புகளுக்கு உற்சாகம், எழுதுகிறவர்களுக்குத் தலைப்பு. எண்ணிக்கை ஏறுகிறது என்ற செய்தி காவல் சரியாக நடக்கிறது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனால் காவலைத் தனியே சோதிக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை.

ஐம்பது என்ற எண் உயிரியல் கணக்கில் என்ன பொருள் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல், அதாவது வேட்டையின் முழு அளவு தெரிவதற்கு முன்பே, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இந்த இனத்தில் இனப்பெருக்கத்துக்குக் கணக்கில் கொள்ளத்தக்க முதிர்ந்த விலங்குகள் 18 மட்டுமே என்று கணித்திருந்தது. குட்டிகளையும், கிழடுதட்டியவற்றையும், இணை சேராதவற்றையும் கழித்த எண் அது. பெண் காண்டாமிருகம் ஒன்றரை ஆண்டுக்கு நெருக்கமான காலம் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அதை வளர்த்துவிட்டு அடுத்தது ஈனப் பல ஆண்டுகள் ஆகும். வேட்டையில் போன 26ஐ ஈடுகட்ட, எல்லாம் நன்றாக நடந்தாலும், ஒரு தலைமுறை வேண்டும். சொல்லத்தக்க கொம்புள்ளவை ஆண்களே என்பதால் வேட்டைக்காரனின் கண் முதலில் ஆண்மீதுதான் விழும். ஏற்கெனவே நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கும் கூட்டத்தில் ஆண்கள் குறைந்தால் மரபணு வளம் இன்னும் சுருங்கும்.

காடும் முன்புபோல் இல்லை. 1883க்குப் பின் எழுந்த இளங்காடு முதிர்ந்துவிட்டது. லங்காப் என்று அந்த ஊரில் சொல்லும் ஒருவகைப் பனை தீபகற்பத்தின் பெரும்பகுதியில் அடர்ந்து பரவி, மேலே ஓலைப் பந்தல் போட்டு, கீழே ஒளி விழாமல் செய்துவிட்டது. ஒளி இல்லாத தரையில் காண்டாமிருகம் தின்னும் செடிகள் முளைப்பதில்லை. கையால் வெட்டி அகற்றிய இடங்களில் சில மாதங்களிலேயே தீவனச் செடிகள் திரும்ப வந்தன என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் பரப்பு பெரியது, வேலை மெதுவானது. பான்டெங் என்னும் காட்டு மாடுகளும் அதே காட்டில் தீவனத்துக்குப் போட்டியிடுகின்றன. பூங்கா எல்லையில் உள்ள ஊர்களின் எருமைகள் மேய்ச்சலுக்கு உள்ளே வருவதால் நோய் பரவும் அச்சமும் உண்டு. 1981–82இல் அடுத்தடுத்து குறைந்தது ஐந்து காண்டாமிருகங்கள் இறந்து கிடந்தன. அடைப்பானோ தொண்டை அடைப்பானோ காரணமாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார்கள். ஊர் எருமைகளுக்குத் தடுப்பூசி போடுவது காண்டாமிருகப் பாதுகாப்பின் பகுதியானது அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே கடல். காண்டாமிருகங்கள் தீபகற்பத்தின் தாழ்ந்த கரையோரக் காட்டிலேயே அதிகம் வாழ்கின்றன. அந்தப் பகுதியின் பெரும்பாலான இடம் பத்து மீட்டர் உயர அலைக்குத் தாக்குப்பிடிக்காது என்று, 62 என மதிப்பிட்ட அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் எழுதிய ஆண்டு 2018. அந்த ஆண்டே, டிசம்பர் 22 இரவு, அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. சுந்தா நீரிணைக் கரைகளில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூங்கா ஊழியர்கள் இருவரும் அவர்களில் அடக்கம். அலை காண்டாமிருகங்கள் மிகுந்த தென்கரையை அடையாததால் அவை பிழைத்தன. பழைய எரிமலை இந்த விலங்குக்கு ஒரு காட்டைத் தந்தது. அதே இடத்தில் எழுந்திருக்கும் புதிய எரிமலை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஓர் இரவு போதும்.

ஆகவே இரண்டாவது வாழிடம் வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சுகாபூமி மாவட்டத்தின் சிகெபூ சரணாலயம், ஹாலிமூன் மலைக்காடு, சுமத்ராவின் பெர்பாக் சதுப்புக் காடு என்று இடங்கள் ஆராயப்பட்டன. எதிலும் காண்டாமிருகம் விடப்படவில்லை. உஜுங் குலோன் பூங்காவுக்குள்ளேயே கிழக்கே உள்ள ஹோன்ஜே மலைச்சரிவில் சுமார் 5,000 ஹெக்டேர் இடத்தை வேலியிட்டு, பனையை அகற்றி, ஆய்வுக்கும் பாதுகாப்புக்குமான தனிப் பகுதியாக 2010க்குப் பின் உருவாக்கினார்கள். அது பயனுள்ள வேலை. ஆனால் அதே கரையில்தான் இருக்கிறது.

2025 நவம்பரில் முதன்முறையாக ஒரு விலங்கை அந்த வேலிப் பகுதிக்கு இடம் மாற்றிப் பார்த்தார்கள். முசோஃபா என்று பெயரிடப்பட்ட ஆண் அது. கொண்டுவந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டது. உடற்கூறாய்வில் அதற்கு நெடுநாளாக நோய் இருந்தது தெரியவந்தது. இனி இந்த முயற்சியே வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது. அப்படிச் சொல்வது தவறு என்பது என் உறுதியான எண்ணம். 1984இல் உத்தரப் பிரதேசத்தின் துத்வாவுக்கு அசாமிலிருந்து ஐந்து காண்டாமிருகங்களைக் கொண்டுபோனார்கள். அவற்றில் இரண்டு விரைவிலேயே இறந்தன. திட்டத்தை நிறுத்தவில்லை. நேபாளத்திலிருந்து மேலும் நான்கு பெண் விலங்குகள் வந்தன. ஒரு நூற்றாண்டாகக் காண்டாமிருகம் இல்லாதிருந்த அந்தக் காட்டில் இன்று நாற்பதுக்கு மேல் இருக்கின்றன.

சுமத்ரா காண்டாமிருகத்தின் அனுபவம் இரு பக்கமும் பேசுகிறது. 1984 முதல் 1996 வரை ஏறத்தாழ 40 விலங்குகளைப் பிடித்து வளர்ப்பில் வைத்தார்கள். அவற்றின் வாழ்க்கையைப் பற்றிப் போதிய அறிவு இல்லாததால் பெரும்பாலானவை குட்டி ஈனாமலே இறந்தன. அந்தத் தோல்வி பலரை அஞ்ச வைத்தது. ஆனால் விடாமல் கற்றுக்கொண்டவர்களின் முயற்சியில் 2001இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு குட்டி பிறந்தது. அந்தக் குட்டி சுமத்ராவுக்கே கொண்டுவரப்பட்டு, 2012இல் வே கம்பாஸ் காப்பிடத்தில் தந்தையானது. அங்கே தொடர்ந்து குட்டிகள் பிறந்துவருகின்றன. மலேசியாவோ தயங்கித் தயங்கி நாட்களைக் கடத்தியது. அங்கிருந்த கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் இறந்தது. பிடிப்பதில் ஆபத்து உண்டு என்பதை இந்த வரலாறு மறைக்கவில்லை. காத்திருப்பதிலும் அதே ஆபத்து உண்டு, அது மெதுவாக வருவதால் யாரும் பொறுப்பேற்க வேண்டியிருப்பதில்லை என்பதையும் காட்டுகிறது.

எல்லை ஊர்களைப் பற்றி ஒரு சொல். துப்பாக்கி தூக்கியவர்கள் அந்த ஊர்களிலிருந்து வந்தார்கள். பல ஆண்டுகளாகக் காட்டைக் காத்த ரோந்துக் காவலர்களிலும் பலர் அதே ஊர்களிலிருந்துதான் வந்தார்கள். ஒரு கொம்புக்கு இடைத்தரகன் தரும் தொகை ஒரு குடும்பம் பல ஆண்டுகள் உழவில் ஈட்ட முடியாதது. இன்று தீபகற்பத்தில் ஆயுதப் படையினரும் ரோந்து போகிறார்கள். நெருக்கடி நேரத்தில் அது தேவைதான். ஆனால் படை நிலையாக இருக்காது, ஊர் இருக்கும். காட்டுக்குள் புதிய ஆள் நுழைந்தால் முதலில் தெரிவது ஊருக்குத்தான். அந்தத் தகவல் அஞ்சாமல் சொல்லப்படவும், சொன்னவருக்குப் பாதுகாப்பும் நிரந்தர வேலையும் கிடைக்கவும் செய்யும் செலவு, எந்தக் கேமராவின் செலவையும்விடப் பயன் தரும். காசிரங்காவில் ஒரு நூற்றாண்டுக்கு முன் விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்த ஒற்றைக் கொம்பன்கள் 2022இல் 2,613 ஆனதற்குப் பின்னால் சட்டமும் துப்பாக்கியும் மட்டும் இல்லை. அசாமிய மக்கள் அந்த விலங்கைத் தங்கள் மாநிலத்தின் முகமாக ஏற்றுக்கொண்டதும் இருக்கிறது.

இந்தோனேசியா 2024இல் தன் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறது. நல்லது. புதிய குட்டிகளும் தொடர்ந்து கேமராவில் பதிவாகின்றன. இந்த இனம் இன்னும் ஈனும் வலுவோடுதான் இருக்கிறது. இனிச் செய்ய வேண்டியவற்றில் அதிகப் பணம் தேவைப்படாத ஒன்று உண்டு. ஒவ்வொரு காண்டாமிருகமும் கடைசியாக எந்த ஆண்டு, எந்த மாதம் கேமராவில் பட்டது என்ற பட்டியல் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். இடங்களை மறைத்துக்கொள்ளலாம், வேட்டைக்காரனுக்கு அது உதவும் என்ற அச்சம் நியாயமானது. நாட்களை மறைக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட காலம் படாத விலங்கு காணாமற்போனதாக அறிவிக்கப்பட்டு, அன்றே தேடல் தொடங்க வேண்டும். அந்தத் தரவை அரசுக்கு வெளியே உள்ள அறிவியலாளர்கள் சரிபார்க்க வேண்டும். 2019இல் இப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் மூன்றாவது அல்லது நான்காவது சாவிலேயே யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். இருபத்தாறாவது வரை போயிருக்காது. உஜுங் குலோனுக்கு நிதி தரும் ஒவ்வொரு நாடும் அமைப்பும் இனி எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் இந்தப் பட்டியலைக் கேட்க வேண்டும்.